சர்க்கரை நோயும் எதிர்ப்பாற்றலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பல ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிறு கீறல்கூடச் சீழ் வைத்துவிடுகிறது. உடலில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: இல்லாமல் போகவில்லை, அதன் வேகமும் திறனும் குறைந்திருக்கின்றன. தோலைக் கிழித்துக்கொண்டு கிருமி நுழைந்ததும் அங்கு முதலில் வந்து சேர வேண்டியவை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணுக்கள். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால், அவை புண்ணை நோக்கி நகர்வதும், கிருமியை விழுங்குவதும், விழுங்கியதைக் கொல்வதும் மந்தமடைகின்றன. அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருப்பதால், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இந்தக் குறை தெரிவதில்லை. இதனுடன் காலில் இரத்த ஓட்டம் குறைவதும் பாதத்தில் உணர்வு மழுங்குவதும் சேரும்போது, முள் குத்தியதே தெரியாமல் நாள்கள் கடந்து, புண் எலும்பு வரை இறங்கிவிடக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வெள்ளையணுக்களின் திறன் பெருமளவு மீள்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி; மழுங்கிய நரம்புணர்வு அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. எனவே நாள்தோறும் இரவில் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். சீழோ சிவப்போ தென்பட்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் கணவருக்கு மூன்று வாரமாக இருமல் விடவில்லை. சளி மருந்து கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. காசநோய்க் கிருமியை நுரையீரலில் அடக்கி வைத்திருப்பது மேக்ரோபேஜ், டி அணுக்கள் ஆகிய எதிர்ப்பணுக்களின் கூட்டுப் பணி. சர்க்கரை மிகும்போது அதுவும் தளர்வதால், சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். காசநோய் உறுதியானால் அவர் உண்ணும் சர்க்கரை மாத்திரைகளை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அவற்றுள் சிலவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை. இன்சுலினை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், உணவே இல்லாவிட்டாலும் ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுகின்றன. அந்த நேரத்தில் இன்சுலினும் இல்லையென்றால், கொழுப்பு உடைவதால் உண்டாகும் கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்கள் பெருகி இரத்தம் அமிலமாகும், அது உயிருக்கே ஆபத்து. சர்க்கரையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, இன்சுலின் அளவை மாற்ற மருத்துவரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் வேறு வகை. வாந்தியும் நீரிழப்பும் இருந்தால் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி லேகியம் சாப்பிடலாமா?

பதில்: லேகியங்களில் பெரும்பாலானவை வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துக் கிளறியவை, உங்களுக்கு அவை வேண்டாம். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் உங்கள் வயதுக்கு எப்போது தேவை என்பதையும் அடுத்த பரிசோதனையின்போது கேட்டுவிடுங்கள்.