அவுட்போர்டு எஞ்சினை நாமே மாற்றுவது: கேள்வி பதில்

ஃபைபர் போட்டில் பழைய அவுட்போர்டை, அதாவது பின்பக்கம் வெளியே தொங்கும் எஞ்சினை, இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுவது பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கொளச்சலில் இருந்து பருத்தித்துறை வரை கேள்விகள் வந்திருக்கின்றன. நான் வேலை பார்த்துப் பழகியது 8 முதல் 40 எச்பி வரையிலான எஞ்சின்கள்தான். பதில்களையும் அந்த அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டத்தில் இருந்து: அண்ணே, எங்க 2 ஸ்ட்ரோக் 15 எச்பி ஓய்ஞ்சு போச்சு. 4 ஸ்ட்ரோக் 15 வாங்கப் போறோம். அதே எச்பிதானே, கழற்றி மாட்டினா போதும்தானே?

எச்பி ஒன்றுதான் தம்பி, எடை ஒன்றல்ல. பழைய 2 ஸ்ட்ரோக் 15 சுமார் 40 கிலோ இருக்கும். 4 ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுவதும் பின்பலகையில், அதாவது டிரான்சத்தில்தான் வந்து தொங்கும். அதனால் புது எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பலகையைச் சோதியுங்கள்.

பழைய எஞ்சின் போட்டில் இருக்கும்போதே அதை மேலே தூக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். ஒருவர் கீழ்க்காலை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் அடிப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்ட வேண்டும். இன்னொருவர் பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் கண்ணை வைத்திருக்க வேண்டும். பலகை அசைந்தாலோ, அந்த மூலையில் முடியளவு விரிசல் திறந்து மூடினாலோ ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் ஊறி அழுகியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எஞ்சினை இறக்கிய பிறகு சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகப் பேசும், ஊறிய இடம் ‘பொத் பொத்’ என்று அமுங்கிக் கேட்கும். கடைசியாக, போல்ட் ஓட்டைக்குள் வளைத்த கம்பியை விட்டுச் சுரண்டுங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் நிம்மதி. கறுத்த, ஈரமான சக்கை வந்தால் அந்தப் பலகையில் புது எஞ்சினை மாட்டவே கூடாது.

பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகும் வழி அந்தப் போல்ட் ஓட்டைகளும், அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையும்தான். வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும், உள்ளே பிளைவுட் வருடக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். மேலே புட்டி தடவிப் பெயின்ட் அடிப்பது மருந்தே இல்லை. உள்பக்கத்து ஃபைபர் தோலை வெட்டி எடுத்து, ஊறிய மரம் முழுவதையும் நீக்கி, நன்றாகக் காயவிட்டு, மெரைன் பிளைவுட்டை ரெசினில் ஒட்டி, மேலே மீண்டும் கிளாஸ் மேட் போட வேண்டும். ஃபைபர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் மாற்றுவதை நீங்களே செய்து மிச்சப்படுத்தும் கூலியை இதற்குச் செலவழியுங்கள். நடுக்கடலில் பலகை பிய்ந்தால் எஞ்சின் மட்டும் போகாது, பின்பக்கமே திறந்துகொள்ளும்.

தூத்துக்குடியில் இருந்து: ஷார்ட் ஷாஃப்ட் வாங்குவதா, லாங் ஷாஃப்ட் வாங்குவதா?

ஷாஃப்ட் அளவு என்பது எஞ்சின் காலின் நீளம். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். எஞ்சின் உட்காரும் இடத்தில், பலகையின் மேல் விளிம்பில் இருந்து போட்டின் அடி வரை செங்குத்தாக அளக்க வேண்டும். 15 அங்குலம் பக்கம் வந்தால் ஷார்ட், 20 அங்குலம் பக்கம் வந்தால் லாங்.

மாட்டிய பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். போட்டின் அடியில் நேரான சட்டம் ஒன்றைப் பின்பக்கம் நீட்டி வைத்துப் பாருங்கள். தகடு அந்தச் சட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அதைவிட மேலே போனால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும். எஞ்சின் கத்தும், போட் நகராது. ரொம்பக் கீழே போனால் வேகமும் எண்ணெயும் வீணாகும்.

பழவேற்காட்டில் இருந்து: இறக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? ஆள் பலமா, செயின் பிளாக்கா?

செயின் பிளாக்தான். எஞ்சினின் தலைப்பக்கத்தில் தூக்குவதற்கென்றே கொக்கி மாட்டும் இடம் பல மாடல்களில் உண்டு, கயிற்றை அதில்தான் போட வேண்டும். போட் கரையில் நிலையாக முட்டுக் கொடுத்து நிற்கட்டும், அலையில் ஆடும்போது இந்த வேலை வேண்டாம். கழற்றும் முன் ஒவ்வொரு வயரையும் கேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால், பேட்டரி சார்ஜுக்கான மின்சாரத்தை மாற்றித் தரும் ரெக்டிஃபையர் ஒரு நொடியில் கருகிவிடும்.

4 ஸ்ட்ரோக்கைத் தரையில் கிடத்தும்போது எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். மாற்றிப் போட்டால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்த எஞ்சினாக இருந்தாலும் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் பிடிக்காதீர்கள், காலில் தங்கிய உப்புத்தண்ணீர் தலைக்குள் போகும்.

பருத்தித்துறையில் இருந்து: அண்ணை, புது எஞ்சினின்ர போல்ட் ஓட்டை பழைய ஓட்டையோட பொருந்தேல்ல. பழசை சிலிக்கன் வச்சு அடைச்சால் காணுமோ?

காணாது தம்பி. பழைய ஓட்டையைச் சுரண்டிக் காயவிட்டு, கெட்டியாகக் கலந்த எப்பாக்ஸியால் முழுதாக நிரப்புங்கள். அது இறுகிய பிறகுதான் புது ஓட்டை. துளைத்ததும் ஓட்டையின் உள்சுவரில் தெரியும் மரத்துக்கும் எப்பாக்ஸி பூசுங்கள். பலரும் விடும் இடம் இதுதான், பலகை அழுகத் தொடங்குவதும் இங்கேதான். போல்ட்டைச் சுற்றி மெரைன் பாலியுரித்தேன் சீலன்ட் போடுங்கள். ஆனால் நிரந்தரமாக ஒட்டும் வகை வேண்டாம், அடுத்த தடவை எஞ்சினோடு ஃபைபரும் பிய்ந்து வரும். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், உள்பக்கம் அகலமான வாஷர்.

கைப்பிடித் திருகு இரண்டை மட்டும் நம்பி 15 எச்பியை ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதிர்வில் அவை தளரும். போல்ட்டும் போடுங்கள், போட்டோடு ஒரு காப்புக் கயிறும் கட்டுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

கொளச்சலில் இருந்து: புது பெட்ரோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டலாமா? விலை கட்டுப்படியாகவில்லை.

விலைக் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓட்டவென்றே வரும் எஞ்சின்களில் கம்ப்ரஷனைக் குறைத்திருப்பார்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் அதை ஊற்றினால் உள்ளே தட்டும் சத்தம் வரும், கடைசியில் பிஸ்டன் போகும். 4 ஸ்ட்ரோக்காக இருந்தால் எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்க வைத்துவிடும். மண்ணெண்ணெய்தான் தோது என்றால் அதற்கான மாடலையே கேட்டு வாங்குங்கள். அதிலும் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் விடியலில் கயிறு இழுத்தே தோள் போய்விடும்.

ராமேஸ்வரத்தில் இருந்து: மாட்டியாச்சு. முதல் ஸ்டார்ட் எப்படி?

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். வாட்டர் பம்ப்பில் இருப்பது ரப்பர் இம்பெல்லர், உலர்ந்து சுற்றினால் உடனே தீய்ந்துவிடும். கீழ்க்காலை ட்ரம் தண்ணீரில் மூழ்க வைத்து ஸ்டார்ட் செய்து, பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

முதல் 10 மணி நேரம் பழக்க ஓட்டம். தொடக்கத்தில் பாதி திராட்டிலுக்கு மேல் போக வேண்டாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கையேட்டில் உள்ள அட்டவணையே கடைசி வார்த்தை. 2 ஸ்ட்ரோக்காக இருந்தால் டிசி-டபிள்யூ3 என்று எழுதிய அவுட்போர்டு ஆயில்தான் கலக்க வேண்டும், பைக்குக்குப் போடும் 2டி ஆயில் இதற்கு ஆகாது. இழுபட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிறு முதல் ஓட்டத்திலேயே கையில் மாட்டியிருக்கட்டும்.

தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து: பழைய புரொப்பெல்லரையே போடலாமா?

பொருந்தினால் போட்டுப் பாருங்கள். முழுத் திராட்டிலில், வழக்கமான சுமையோடு, ஆர்பிஎம் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வருகிறதா என்பதுதான் கணக்கு. குறைந்தால் பிட்ச்சை, அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரத்தை, குறையுங்கள், கூடினால் கூட்டுங்கள். ஒரு அங்குலப் பிட்ச் மாற்றினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும்.

நாகப்பட்டினத்தில் இருந்து: பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் நம்பர் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்றுங்கள் ஐயா. புது எஞ்சினின் பில்லோடு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் நம்பரைத் திருத்தச் சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும்போது போட்டில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் வேறாக இருந்தால் வீண் இழுத்தடிப்பு. பழைய எஞ்சின் மானியத்தில் வாங்கியது என்றால் அதை விற்பதற்கு முன்பும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.