பழங்குடி அரசின் நீர்த்தர விதிகளில் யார் கருத்துச் சொல்லலாம்?

கேள்வி: அமெரிக்கப் பழங்குடியினர் தங்கள் ஆறுகளுக்கான நீர்த்தர விதிகளைத் தாங்களே வகுக்கலாமாமே! அவற்றைத் திருத்தும்போது பொதுமக்களைக் கேட்டாக வேண்டுமா? வெளியாருக்கும் அதில் இடம் உண்டா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: இரண்டுக்கும் ஆம் என்பதே விடை. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, தகுதி பெற்ற பழங்குடி அரசை இவ்விஷயத்தில் மாநிலத்துக்கு இணையாக நடத்த வழிசெய்தது. எனவே மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் விதிகளை மறுஆய்வு செய்து, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது அவர்களுக்கும் கடமையாயிற்று. கூட்டத்துக்குப் பொதுவாக 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திருத்திய விதிகள் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

வெளியாருக்கு இடம் ஏன் என்பதற்கு நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் இஸ்லெட்டா புவெப்லோ என்ற பழங்குடி அரசு நல்ல சான்று. ரியோ கிராண்டே ஆற்றில் அல்புகெர்க்கி நகரின் சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீரை விடும் இடத்துக்குச் சில மைல் கீழே அவர்களுடைய நிலம் தொடங்குகிறது. சடங்கின்போது ஆற்றில் மூழ்குவதும் அந்நீரைப் பருகுவதும் உண்டு என்பதால், சடங்குப் பயன்பாட்டையும் ஆற்றின் பயன்களில் ஒன்றாக விதியில் எழுதி, அதற்கேற்ற கடுமையான அளவுகளை நிர்ணயித்தார்கள். முகமை 1992-இல் ஒப்புதல் அளித்தது. தன் கழிவுநீரையும் அந்த அளவுகளுக்கு ஏற்பச் சுத்திகரிக்க வேண்டியிருந்ததால் நகரம் வழக்குத் தொடுத்தும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் அந்த விதிகளை உறுதிசெய்தது. ஆக, பழங்குடி மன்றத்தில் வாக்கில்லாத நகரவாசிகளின் செலவையும் அந்த விதி தீர்மானிக்கிறது; அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையாகாது.

ஆனால், என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. வரைவை முடித்துவிட்டு ஒரு மாலைக் கூட்டத்தோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டால், ஆட்சேபிக்க வழக்கறிஞர்கள் வருவார்கள். ஆற்றோடு வாழும் மூத்தோரும் மீன்பிடிப்போரும் வரமாட்டார்கள். எந்தத் துறையில் குளிக்கிறார்கள், எந்த மீனை எவ்வளவு உண்கிறார்கள் என்பதை வரைவுக்கு முன்பே அவர்களிடம், அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். மீன் வழியாக உடலில் சேரும் நச்சின் வரம்பு அந்தக் கணக்கைச் சார்ந்தே அமைகிறது. சடங்கின் உள்விவரங்களை வெளியிடச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. நீர் உடலில் எவ்வாறு படுகிறது என்று தெரிந்தால் அளவை நிர்ணயிக்க அதுவே போதும்.

வந்த கருத்துகளையும் அவற்றுக்கு அரசு அளித்த விடைகளையும் தொகுத்து வைப்பதும் விதிப்படி கட்டாயம். எந்தத் திருத்தத்தையும் மதிப்பிட விரும்புவோர் முதலில் அந்தத் தொகுப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.