கேள்வி-பதில்: 4,000 ரூபாய்க்குள் தூளிப்படுக்கையும் தார்ப்பாயும்

கேள்வி: நாங்கள் கம்பத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள், நான்கு பேர். சாரல் காலம் முடியும் தறுவாயில் குமுளியிலிருந்து வண்டன்மேடு வரை ஏலத்தோட்டங்களின் ஊடாக மூன்று நாள் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இரவு தங்குவதற்குத் தெரிந்தவர்களின் தோட்டங்களில் அனுமதி வாங்கிவிட்டோம். கூடாரம் சுமக்க மனமில்லாததால், மரத்தில் கட்டும் ஹேமக்கும் மேலே ஒரு தார்ப்பாயும் வாங்கலாம் என்று ஆளுக்கு 4,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். "டபுள், 300 கிலோ தாங்கும்" என்ற விளம்பரத்தோடு வருவதை வாங்கலாமா?

பதில்: அந்த இரண்டு சொற்களும் உங்களுக்குப் பயன்படாதவை. டபுள் என்றால் அகலம் கூடுதல் என்று மட்டுமே பொருள். நிம்மதியாகத் தூங்குவதற்கு வேண்டியது நீளம். ஹேமக் என்பது நம் வீட்டுத் தூளியின் பெரிய வடிவம்தான் என்றாலும், பெரியவர்கள் அதில் நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளைந்து, முழங்கால் மேல்நோக்கி மடங்கி, விடியும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுத்தால் துணி தட்டையாகிவிடும். அப்படிப் படுப்பதற்குத் துணியின் நீளம் 3 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவர் 3.2 மீட்டருக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். மலிவு விலையில் கிடைப்பவற்றில் பல 2.6 அல்லது 2.7 மீட்டர்தான். ஆகவே விளம்பரப் படத்தைப் பார்க்காமல், விவரப் பட்டியலில் நீளம் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள்.

300 கிலோ தாங்கும் என்பது பெரும்பாலும் துணியைப் பற்றிய கணக்கு. உங்களைத் தாங்குவது துணியோடு சேர்ந்த, மரத்தைச் சுற்றிக் கட்டும் நாடா, கொக்கி, முடிச்சு ஆகிய எல்லாமும்தான். நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இறங்கினால், 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்து நாடாவிலும் ஏறத்தாழ 70 கிலோ இழுவிசைதான் விழும். தொய்வே இருக்கக் கூடாது என்று விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால், அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோவைத் தொட்டுவிடும். கொக்கி முறிவதும் கிளை ஒடிவதும் பெரும்பாலும் இந்த விறைப்பினால்தான். நான்கைந்து மீட்டர் இடைவெளியுள்ள மரங்களில் தலை உயரத்துக்கு நாடாவைக் கட்டி, உட்கார்ந்தால் நாற்காலி உயரம் இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

கூடவே வரும் மெல்லிய கயிறுகளை ஒதுக்கிவிடலாம். அவை மரப்பட்டையை அறுக்கும். பை தைக்கும் கடைகளில் ஓர் அங்குல அகலத்தில் பாலியஸ்டர் நாடா மீட்டர் கணக்கில் கிடைக்கும். நைலான் நாடா வேண்டாம், அது பாரத்தில் நீளும். இரவு பத்து மணிக்கு முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியலில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். காராபினர் கொக்கியின் உடலில் கேஎன் (kN, கிலோநியூட்டன்) என்ற அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 1 கேஎன் என்பது ஏறத்தாழ 100 கிலோ இழுவிசை. அளவு எதுவும் பொறிக்காதது சாவிக்கொத்துக்கு மட்டுமே ஆகும்.

இனி தார்ப்பாய். 4,000 ரூபாயில் பெரும்பங்கை ஹேமக்கில் போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் கிடைக்கிற தார்ப்பாயை வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நனையாமல் இருந்தால் சுமாரான துணியிலும் தூங்கிவிடலாம். நனைந்துவிட்டால் எவ்வளவு நல்ல ஹேமக்கும் உதவாது. குமுளிப் பக்கத்து மழை நேராக விழுவது குறைவு, காற்றோடு சாய்ந்து வருவதுதான் அதிகம். கணக்கைப் பாருங்கள்: 3.2 மீட்டர் துணி, தொங்கும்போது முனைக்கு முனை 2.7 மீட்டர் அளவில் நிற்கும். 3 மீட்டர் தார்ப்பாயைக் கூரையாக விரித்தால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு சாண்கூட மிஞ்சாது. 3.6 மீட்டர், அதாவது 12 அடி இருந்தால் இரு பக்கமும் ஒரு முழம் நிற்கும். அந்த ஒரு முழம்தான் சாரலைத் தடுக்கும்.

எடை குறைந்ததில் சிறந்தது சிலிகோன் பூசிய நைலான். உங்கள் தொகைக்கு அது எட்டாது. உள்பக்கம் பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர் உங்களுக்குப் போதும். ஈரத்தில் நைலானைப் போல் அது தொய்ந்து போவதில்லை என்பது கூடுதல் நன்மை. நீர்த்தாங்கு அளவு (துணி ஒழுகாமல் தாங்கும் நீரின் உயரம்) 2,000 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் பணம் போதாவிட்டால், தோட்டத்தில் ஏலக்காயை மூடிவைக்கும் நீலத் தார்ப்பாயை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) கனத்தில் 12 அடிக்கு 9 அடி என்றால் 900 கிராம்தான் வரும். விலையும் சில நூறு ரூபாயில் முடியும். பருமனாக மடங்கும், காற்றில் சரசரவென்று சத்தம் போடும், கயிறு கோர்க்கும் ஓரத்துக் கண்கள் பலத்த காற்றில் பிய்ந்துபோகும். அந்தக் கண்களை நம்பாமல், ஓரத்துத் துணியில் ஒரு கூழாங்கல்லை வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டுங்கள். தோட்டத்தில் தார்ப்பாய் கட்டிப் பழகிய எவரையும் கேளுங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

எடையை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலசரக்குக் கடைத் தராசில் நாடா, கொக்கி, பை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஹேமக் 500 கிராம், நாடா 250, தார்ப்பாய் 900, கயிறும் முளைகளும் 150 என்று பார்த்தால் 1,800 கிராமில் நின்றுவிடும். ஆளுக்கு 2 கிலோ என்று எல்லை வைத்துக்கொண்டால், மீதி 200 கிராமை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் வாங்குவதைப் போலவே முக்கியமானது. முள்முருங்கை மென்மரம், அதை நம்பக் கூடாது. சில்வர் ஓக்கின் கிளைகள் காற்றில் சட்டென்று ஒடியும். மிளகுக்கொடி ஏறிய மரத்தில் கட்டினால் தோட்டக்காரருக்கு நட்டம். பலா இருந்தால் அதுவே முதல் தேர்வு.

கேள்வி: போடியிலிருந்து எழுதுகிறேன். சென்ற மார்கழியில் ஹேமக்கில் ஸ்லீப்பிங் பேக் போட்டுப் படுத்தும் முதுகு குளிர்ந்து தூக்கமே வரவில்லை. விலை கூடிய பை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உடலின் பாரத்தில் பையின் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கி, வெப்பத்தைத் தேக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. வெளியே குளிர்காற்று துணியின் அடியைத் தடவிக்கொண்டே போகிறது. தூளியில் குழந்தையைக் கிடத்துமுன் பாட்டிமார் அடியில் பழைய சேலையை மடித்துப் போடுவது மெத்தைக்காக மட்டுமல்ல. நீங்கள் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஃபோம் பாய் ஒன்றை வாங்கி உள்ளே விரியுங்கள். 200 முதல் 300 கிராமுக்குள் இருக்கும். தோள்களிடத்தில் அகலம் போதாது என்பதால், பாயின் ஒரு துண்டை வெட்டி அங்கே குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் தொங்கவிடும் பஞ்சுப் போர்வை இதைவிடச் சிறந்தது, ஆனால் அதன் விலை உங்கள் ஹேமக்கின் விலையைத் தாண்டும்.

கேள்வி: வண்டிப்பெரியாரில் வசிக்கிறேன். இணையத்தில் ஹேமக், தார்ப்பாய் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினேன். 700 கிராம் என்று போட்டிருந்தார்கள். நிறுத்துப் பார்த்தால் 1,150 கிராம். முதல் மழையிலேயே தையல் வழியாக நீர் ஒழுகியது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். விற்பவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். நான் எங்கே முறையிடுவது?

பதில்: முதலில் ஒழுகலைப் பற்றி ஒரு வார்த்தை. தையலின் மேல் நாடா ஒட்டாத, பசையும் பூசாத தார்ப்பாய் எதுவாக இருந்தாலும் ஒழுகத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து வாதாடினால், "தையலை அடைக்கும் சீலிங் பசையை நீங்கள் பூசியிருக்க வேண்டும்" என்று பதில் வரும். எடையில் உள்ள 450 கிராம் வித்தியாசம் அப்படிப்பட்டதல்ல. அதை மறுக்க அவர்களால் முடியாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்கவோ பணத்தைக் கொடுக்கவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

தராசில் பொருள் இருக்கும் படம், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விலைச்சீட்டு ஆகிய மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அவர்கள் மாற்றிவிட்டால் பிறகு கிடைக்காது. அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது இடுக்கி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பவரின் மாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

கேள்வி: ஹேமக் இருந்தால் குரங்கணிக் காட்டில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்கிறார்களே?

பதில்: தங்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழகத்திலும் கேரளத்திலும் குற்றம். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளையவர்கள் பலரை இழந்தோம். யானைத்தடத்தில் கட்டிய தூளியிலிருந்து எழுந்து ஓடுவதும் எளிதல்ல. வனத்துறை நடத்தும் பயணங்களில் சேருங்கள்; இல்லையென்றால் கம்பம் மாணவர்களைப் போல உரிமையாளரிடம் கேட்டு, தோட்டத்து வீட்டின் விளக்கு தெரியும் தூரத்தில் கட்டுங்கள்.