மூன்றாவது முறையும் எழுதலாமா, ஃபெல்லோஷிப்பில் சேர்ந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து, சர்வீஸ் ஒதுக்கீட்டில் எம்.டி. பொது மருத்துவம் முடித்து, இப்போது தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். டி.எம். கேஸ்ட்ரோ (செரிமான மண்டலம், கல்லீரலுக்கான சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்பு) படிக்க ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். இரண்டு முறை எழுதிவிட்டேன். கேஸ்ட்ரோ பாடத்தைத் தலைகீழாகச் சொல்வேன், மற்றவற்றில்தான் மார்க் போகிறது. போன முறை கலந்தாய்வில் சாய்ஸ் பட்டியலில் போட்டிருந்ததால் நெஃப்ராலஜி (சிறுநீரகத் துறை) கிடைத்தது, மனம் ஒப்பாமல் சேரவில்லை. மூன்று வயதில் மகள். “படிச்சது போதாதா” என்கிறார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், “ஃபெல்லோஷிப் பண்ணு, அதுவும் சூப்பர் ஸ்பெஷாலிட்டிதான்” என்கிறார். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு வருட எண்டோஸ்கோப்பி ஃபெல்லோஷிப் கிடைக்கும் போலிருக்கிறது. போன வருடம் எலி பேஸ்ட் சாப்பிட்ட 19 வயதுப் பையன் ஒருவனை 108-ல் மதுரைக்கு அனுப்பினேன். வழியிலேயே போய்விட்டான். அதன்பிறகு இந்த ஆசையை விடவே முடியவில்லை. நான் என்ன செய்யட்டும், மேடம்? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எலி பேஸ்ட் கேஸ் நம்மை எப்படி ஏமாற்றும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் பையன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவான். “எப்ப வீட்டுக்குப் போலாம்?” என்று கேட்பான். அவன் அம்மா நம் கையைப் பிடித்துக்கொண்டு டிஸ்சார்ஜ் கேட்பார். அப்புறம் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறும், பேச்சு குழறும். பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் அதற்குள் கல்லீரலைத் தின்று முடித்திருக்கும். இட்லி சாப்பிடும்போதே அவனை அனுப்பிவிட வேண்டும் என்று தெரிந்த ஆளும், பிளாஸ்மா மாற்று சிகிச்சையை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்கிற ஆளும் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் எத்தனை வீடுகள் தப்பிக்கும்! நீங்கள் அந்த ஆளாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது முறை எழுதுங்கள். அந்த ஒரு வருட ஃபெல்லோஷிப் வேண்டாம்.

உங்கள் நாத்தனார் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் ரெசிடென்சி முடித்தவர்கள் கேஸ்ட்ரோவுக்கு மூன்று வருட ஃபெல்லோஷிப் செய்கிறார்கள். நம் டி.எம்.முக்கு ஈடானது அது. இங்கே அதே சொல்லை எதற்கெல்லாமோ வைத்திருக்கிறோம். தேசியத் தேர்வு வாரியம் நுழைவுத் தேர்வு வைத்து நடத்தும் இரண்டு வருட எஃப்.என்.பி.யும் ஃபெல்லோஷிப்தான். பல்கலைக்கழகம் தரும் ஒரு வருடச் சான்றிதழும் ஃபெல்லோஷிப்தான். தனியார் மருத்துவமனை தன் லெட்டர்பேடில் எழுதித் தருவதற்கும் அதே பெயர். நீங்கள் சொல்லும் எண்டோஸ்கோப்பி ஃபெல்லோஷிப்பில் கை பழகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து அரசு மருத்துவக் கல்லூரியின் கேஸ்ட்ரோ துறையில் உதவிப் பேராசிரியராக முடியாது. கையில் ஸ்கோப் இருந்தும் துறையில் இடம் இல்லாமல் நிற்பீர்கள். அந்த ஒரு வருடத்துக்காக சர்வீஸை விட வேண்டி வந்தால், உங்கள் பெரிய பலமே போய்விடும்.

அந்தப் பலத்தைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை! தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. 2020-ல் அரசாணை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 மார்ச்சில்தான் வழி திறந்தது. மெட்ராஸ் மெடிக்கல், ஸ்டான்லி, மதுரை என்று நீங்கள் ஆசைப்படும் கல்லூரிகளின் பாதி இடங்களுக்கு இந்தியா முழுவதோடும் மோத வேண்டாம், உங்களைப் போல சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து வந்தவர்களோடு மோதினால் போதும். சம்பளத்தோடு படிக்கலாம். அகில இந்திய ரேங்க்கைப் பார்த்து அழுவதை விட்டுவிட்டு, கடந்த இரண்டு மூன்று வருடங்களில் சர்வீஸ் கலந்தாய்வில் கேஸ்ட்ரோ எந்த ரேங்க் வரை போனது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கு அந்த எண்.

இனி படிப்பு. நீங்கள் தவறிய இடத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். 2022-க்கு முன்பு, விரும்பிய துறையிலிருந்து கேள்விகள் நிறைய வரும். இப்போது எம்.டி. மெடிசின்காரர்கள் எல்லோருக்கும் ஒரே தாள். 150 கேள்வி, 600 மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும். 50 கேள்விக்கு 50 நிமிடம் என்று மூன்று பகுதி, ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அதற்குத் திரும்ப முடியாது. அந்த ஒரே ரேங்க்கை வைத்துத்தான் கார்டியாலஜி முதல் ருமட்டாலஜி வரை எல்லாம். கேஸ்ட்ரோ வேண்டும் என்பவர் எல்லோருமே கேஸ்ட்ரோ கேள்விகளைச் சரியாகத்தான் போடுவார்கள். உங்களுக்கு இடம் வாங்கித் தரப்போவது நியூராலஜியும் ரத்தவியலும்தான். அடுத்த ஆறு மாதம் கேஸ்ட்ரோ புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொன்னால் கோபம் வருமா? வந்தாலும் பரவாயில்லை, பூட்டுங்கள்.

முழுக்கப் பூட்ட மனம் வராவிட்டால் அந்த அறிவுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற கல்லூரிகளுக்கான ஐ.என்.ஐ. எஸ்.எஸ். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அதில் துறை வாரியாகப் போட்டி. எழுத்துத் தேர்வைத் தாண்டினால் துறையில் நேரில் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இடங்கள் மிகக் குறைவு. ஆனாலும் கேஸ்ட்ரோவைத் தலைகீழாகச் சொல்பவர் அதை எழுதாமல் விடக் கூடாது.

நான் எழுதிய காலத்தில் நீட் எஸ்.எஸ். கிடையாது, அது 2017-ல்தான் வந்தது. எனக்கும் மூன்றாவது முறைதான் கிடைத்தது. இரண்டாவது முறை விட்டபோது, நான் வேலை பார்த்த இடத்துச் சீஃப், “லெட் ஏப்ரன் போட்டுக்கிட்டு ஈ.ஆர்.சி.பி. ரூம்ல மூணு மணி நேரம் நிப்பியாம்மா? எண்டோக்ரைன் எடுத்துட்டுப் போ” என்றார். ஈ.ஆர்.சி.பி. என்பது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை, அதற்குத்தான் அந்த ஈயக் கவச உடை. எண்டோக்ரைன் என்றால் ஹார்மோன் துறை. அன்று இரவு முழுக்க அழுதேன். மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். மாதிரித் தேர்வில் தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்வியையும் இடது பக்கம் எழுதி, ஏன் தப்பானது என்று வலது பக்கம் ஒரே வார்த்தை எழுதுவேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘மாற்றினேன்’ என்று இருந்தது. முதலில் சரியாகப் போட்டுவிட்டு, பயத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். எனக்குப் படிப்பு குறையவில்லை, கைதான் நடுங்கியிருக்கிறது. உங்கள் நோட்டில் வேறு வார்த்தை வரலாம். அது என்னவென்று தெரியாமல் மூன்றாவது முறை போய் உட்காராதீர்கள்.

நெஃப்ராலஜியில் சேராதது சரியே. ஒரு டி.எம்.மில் சேர்ந்துவிட்டால், நடுவில் விட்டாலும், அந்தப் படிப்பின் மூன்று வருடம் முடியும்வரை மறுபடி நீட் எஸ்.எஸ். எழுத விட மாட்டார்கள். ஆனால் வேண்டாத துறையைச் சாய்ஸில் போட்டது தவறு. நீங்கள் சேராமல் விட்ட இடம் அந்தச் சுற்றில் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியது. இந்த முறை, இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தாலும் எழுந்து போவேன் என்று நீங்கள் நினைக்கிற துறைகளை மட்டும் போடுங்கள். கேஸ்ட்ரோவோடு ஹெப்படாலஜியைச் சேர்த்தீர்களா? கல்லீரலுக்கென்றே தனி டி.எம். அது. தீவிர சிகிச்சைக்கும் டி.எம். இருக்கிறது. உங்கள் மனதில் இருப்பது அந்தப் பையன் என்றால், இந்த இரண்டும் கேஸ்ட்ரோவுக்குத் தூரமில்லை. ரேங்க் வருவதற்கு முன்பே யோசித்து முடித்துவிடுங்கள். ரேங்க் வந்தபின் பயம்தான் யோசிக்கும்.

மாமியார் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் டியூட்டிக்குப் போகும்போது பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவர்தானே? அவருக்கும் உடம்பு அலுக்கும். “இன்னும் எத்தனை வருஷம்” என்று தெரியாததால்தான் அந்தக் கேள்வி வருகிறது. தேர்வுத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, “இதுவரைக்கும் மட்டும், அத்தை” என்று சொல்லிப் பாருங்கள். விடியற்காலை நாலு முதல் ஆறு வரை உங்களுக்கு. மகள் எழுந்துவிட்டால் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டியது கணவர். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்றோ வெறுப்பு என்றோ நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையனைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? முன்பின் தெரியாத எனக்கு எழுதியதை, இன்றிரவு அவரிடம் சொல்லுங்கள்.

ரேங்க் வந்ததும் எனக்கு எழுதுங்கள். சாய்ஸ் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அனுப்பி வையுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.