அந்தப் பையன் வீட்டுக்குப் போனானா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. லீவில் டிஸ்னியின் பழைய 'பினோக்கியோ' படத்தைப் போட்டுக் காட்டினேன். பையன்கள் கழுதையாக மாறும் இடத்தில் அலறிவிட்டாள். அன்றிலிருந்து தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறாள். "அந்தப் பையன் அப்புறம் வீட்டுக்குப் போனானா?" என்று தினமும் கேள்வி. போய்விட்டான் என்று சொன்னாலும் நம்புவதில்லை. ஒரு நன்மை, சாப்பிட அடம்பிடிக்கும்போது "நீயும் கழுதையாயிடுவே" என்றால் உடனே சாப்பிட்டுவிடுகிறாள். படத்தை விட்டுவிட்டு மூலக்கதையைப் படித்துக் காட்டு என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, 'ஒரு நன்மை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை இன்றோடு நிறுத்துங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளைக் கழுதை என்று திட்டாத நாள் கிடையாது, பாதி நேரம் செல்லமாகத்தான். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அது வெறும் திட்டாகக் கேட்காது, நிஜமாகவே நடக்கப்போகிறது என்றுதான் கேட்கும். பகலெல்லாம் நாமே பயம் காட்டிவிட்டு, ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறாளே என்று அலுத்துக்கொண்டால் எப்படி?

அந்த இடத்தை மட்டும் நீங்கள் தனியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1940-ல் வந்த படம், இத்தனை வருஷம் கழித்தும் வயிற்றைக் கலக்குகிறது. சுருட்டும் பீருமாக பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கும் லாம்ப்விக் என்ற பையனுக்குக் கழுதைக் காது முளைக்கிறது, வால் முளைக்கிறது, தெரிந்ததும் அவன் பதறிப்போய், கூட இருக்கும் மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறான், கெஞ்சக் கெஞ்சவே கைவிரல்கள் குளம்பாகின்றன. மீதியைச் சுவரில் விழும் நிழலாகத்தான் காட்டுகிறார்கள். அந்த நிழல் "அம்மா" என்று கத்துகிறது, கத்தல் அப்படியே கழுதைக் கனைப்பாகிவிடுகிறது. உங்கள் மகளின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள், கழுதையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது, அம்மா வரவில்லை. அவள் மனதில் தங்கியிருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் சொன்னதை அவள் நம்பாததும் நியாயம்தான். பினோக்கியோ கழுதைக் காதும் வாலுமாகக் கடலில் குதித்துத் தப்பிவிடுகிறான், அப்புறம் லாம்ப்விக்கைப் படத்தில் எங்குமே காட்டுவதில்லை. பிள்ளைகளை ஏமாற்றி அந்தத் தீவுக்கு அழைத்துப்போன வண்டிக்காரனுக்கும் ஒரு தண்டனையும் கிடையாது. இந்த ஒன்றில் அந்தப் படத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு.

கணவரின் யோசனைக்கு வருவோம். அவர் மூலக்கதையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இத்தாலிக்காரரான கார்லோ கொலோடி எழுதியது படத்தைவிடப் பல மடங்கு கடுமை. படத்தில் குடையும் தொப்பியுமாகக் கூடவே வந்து புத்தி சொல்கிற அந்தச் சுவர்க்கோழியை, புத்தகத்தில் நாலாவது அத்தியாயத்திலேயே பினோக்கியோ சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். அவனே முழுக் கழுதையாகி, சர்க்கஸில் ஆடி, கால் ஊனமாகி, தோலை உரித்து மேளம் கட்டலாம் என்று நினைக்கிற ஒருவனிடம் விலைபோகிறான். லாம்ப்விக்குக்கு அதில் முடிவு உண்டு. கழுதையாகவே உழைத்து, ஒரு தொழுவத்தில் பினோக்கியோவின் கண் முன்னால் செத்துப்போகிறான். இதைப் படுக்கப்போகிற நேரத்தில் ஆறு வயதுக்காரிக்கு வாசித்துக் காட்டப்போகிறாரா? பத்து வயதுக்குமேல் அவளே படிக்கட்டும், அருமையான புத்தகம்.

சரி, அவளுக்கு என்ன பதில் சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள்: "அவன் என்ன ஆனான்னு படத்துல சொல்லவே இல்ல. உனக்கு என்ன தோணுது?" படத்தில் இல்லாததை நாமாகச் சேர்க்கலாமா என்று தயங்கவேண்டாம், இந்தக் கதைக்கே அப்படித்தான் உயிர் வந்தது. 1881-ல் ரோமில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தபோது, பதினைந்தாவது அத்தியாயத்தில் பினோக்கியோவை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டு, கதை முடிந்தது என்று கொலோடி கையைக் கழுவிவிட்டார். படித்தவர்கள் விடுவார்களா? சில மாதம் கழித்து அவர் மறுபடி எழுத உட்காரவேண்டியதாயிற்று, பினோக்கியோவும் பிழைத்தான். தேவதையிடம் பொய் சொல்லி மூக்கு நீளும் கதையெல்லாம் அதற்கப்புறம் எழுதியதுதான். அதனால் உங்கள் மகளும் தாராளமாகக் கேட்கலாம். ஒரு நோட்டையும் கலர் பென்சிலையும் கொடுங்கள். லாம்ப்விக்கின் அம்மா படகில் வந்து எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனாலும் சரி, வண்டிக்காரனைக் கழுதையாக்கி அவனையே வண்டியில் பூட்டினாலும் சரி, நடுவில் புகுந்து நீதி சொல்லாதீர்கள்.

கொஞ்ச நாளைக்குப் பக்கத்திலேயே படுக்கவையுங்கள், கெட்டுப்போய்விடமாட்டாள். நாலைந்து வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகாவிட்டால் குழந்தைகள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படத்தைக் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கவும் தேவையில்லை. அவளாகக் கேட்டால் பகலில் போடுங்கள், ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் கழுதையாகும் அந்தத் தீவு வந்ததும் ஓட்டிவிட்டுத் திமிங்கிலத்துக்குப் போய்விடலாம். அந்தத் திமிங்கிலமும் லேசுப்பட்டதில்லை, ஆனால் அங்கே பினோக்கியோவுக்குப் பக்கத்தில் அப்பா இருக்கிறார்.