பாரிஸ் கான்டீனில் பசியோடு நின்ற பெண்

போன இதழில், வெளிநாட்டுக்குப் போகும் பெண்களின் காதல் கதைகள் மூன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஸ்டெஃபனி பெர்கின்ஸின் 'அன்னா அண்ட் த ஃப்ரெஞ்ச் கிஸ்' (2010), ஜென்னா எவன்ஸ் வெல்ச்சின் 'லவ் அண்ட் ஜெலாட்டோ' (2016), அபிகெயில் ஹிங் வென்னின் 'லவ்போட், தைபே' (2020). அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. சிலவற்றுக்கு இங்கே பதில்.

அம்மா, திருச்சியில் இருபத்துநாலு வருஷம் வாடகை நூலகம் நடத்தியவர் நீங்கள். எவ்வளவோ நல்ல புத்தகங்களைப் படித்திருப்பீர்கள். வசதியான பெண் பாரிஸுக்குப் போய்க் காதலிக்கிற கதையில் என்ன இருக்கிறது என்று சிபாரிசு செய்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

ஐயா, அன்னா அட்லான்டாவில் வளர்ந்தவள். பள்ளியில் கடைசி வருஷம். உயிர்த்தோழி, பகுதிநேரமாக வேலை பார்த்த சினிமா தியேட்டர், அங்கே பழகி மனசுக்குப் பிடித்துப்போன ஒரு பையன், எல்லாம் ஊரில்தான். அப்பா அவளைக் கேட்காமலே பாரிஸில் இருக்கிற ஒரு அமெரிக்க விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார். பிரெஞ்சு தெரியாது. 'ஆமாம்' என்பதற்கு 'வீ' என்று சொல்லத் தெரியும். அதையும் எப்படி எழுதுவது என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டாள். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் அன்றைய சமையல் கரும்பலகையில் பிரெஞ்சில் எழுதியிருக்கும். சமையல்காரரிடம் வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். அவள் அந்தப் பக்கமே போவதில்லை. யாரிடமும் பேசாமல் கையில் எடுக்க முடிகிறதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள்.

காதலெல்லாம் அப்புறம். என்னைப் பொறுத்தவரை அந்த நாவல் அந்தக் கரும்பலகைக்கு முன்னால்தான் தொடங்குகிறது.

தொண்ணூறுகளில் என் நூலகத்துக்கு ஒரு பெண் வருவாள். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம், இங்கே நர்சிங் படித்தாள். வாரத்துக்கு இரண்டு காதல் நாவல் எடுப்பாள். ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது சொன்னாள்: "ஆன்ட்டி, மெஸ்ஸுல ரெண்டாவது தடவ சாம்பார் கேக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு." அவள் பேச்சைக் கேட்டு மற்ற பெண்கள் சிரிப்பார்களாம். அதனால் வாயே திறக்கமாட்டாள். அன்னாவின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவள்தான். ஒரு கரண்டி சாம்பார் கேட்கிற தைரியம் எப்படி வருகிறது என்று எந்தக் கதை சொன்னாலும் அது எனக்குப் பெரிய கதைதான்.

வசதியான பெண் என்றீர்கள். அன்னாவுக்கு அது பொருந்தும், அவள் அப்பா புத்தகம் எழுதிப் பணம் சம்பாதித்தவர். தைபே கதையின் கதாநாயகி எவர் வாங் அப்படி இல்லை. அவள் அப்பா சீனாவில் டாக்டராக இருந்தவர். அமெரிக்காவில் அந்தப் படிப்புக்கு மதிப்பில்லாமல் போய், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளுகிற வேலை பார்க்கிறார். மகளின் விமான டிக்கெட்டுக்காக அம்மா தன் முத்துமாலையை விற்கிறாள். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நகையை விற்ற அம்மாக்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள், ஐயா. அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

அன்னா கதையில் வரும் செயின்ட் கிளேர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஏற்கெனவே ஒரு காதலி இருக்கும்போதே அன்னாவோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகுகிறான். இவனை எப்படிக் கதாநாயகன் என்று ஏற்றுக்கொள்வது?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

உன் கோபம் நியாயம்தான் அம்மா. அதை விட்டுவிடாதே. அவன் செய்வது தப்பு. எல்லி என்ற அந்தப் பெண்ணோடு உறவை முறிக்கவும் மாட்டான், அன்னாவை விட்டு விலகவும் மாட்டான். முக்கால்வாசிப் புத்தகம் இப்படியே போகிறது. தனியாக இருக்கப் பயந்துதான் அப்படி இருந்தேன் என்று பின்னால் அவனே ஒத்துக்கொள்கிறான். அம்மாவுக்குப் புற்றுநோய், அப்பா கொடுமைக்காரர். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்துக்கு இரண்டு பெண்களைப் பணயம் வைக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனித்தாயா? ஊரில் அன்னாவுக்குப் பிடித்திருந்த அந்தத் தியேட்டர்ப் பையனோடு அவளுடைய உயிர்த்தோழி பிரிட்ஜெட் பழகத் தொடங்குகிறாள். அன்னா கொதித்துப்போகிறாள், பேச்சை நிறுத்துகிறாள். அதே சமயம் பாரிஸில் இவள் என்ன செய்கிறாள்? காதலி உள்ள ஒருவனோடு, அதுவும் புதுத்தோழி மெரிடித்தும் மனசுக்குள் விரும்புகிற ஒருவனோடு, நாள் முழுக்கச் சுற்றுகிறாள். ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் இல்லை. தோழியைத் திட்டிய அதே வார்த்தைகள் தனக்கும் பொருந்தும் என்று அன்னாவுக்கு உறைக்கிற இடம் எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த இடம். முத்தக் காட்சியை விடவும்.

எனக்குக் குறை எல்லி விஷயத்தில்தான். அவள் பக்க நியாயத்தைச் சொல்ல அவளுக்குப் பத்துப் பக்கம்கூடக் கிடைக்கவில்லை. நீ கதை எழுதுகிறவளாக இருந்தால், அவள் சொல்வதாக ஒரு அத்தியாயம் எழுதிப் பார்.

அன்னாவும் செயின்ட் கிளேரும் சேர்ந்து நின்று வேண்டிக்கொள்ளும் 'பாயின்ட் ஸீரோ' நிஜமாகவே இருக்கிறதா?
– வாசகி, நாகர்கோவில்

இருக்கிறது. நோத்ர் தாம் தேவாலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், தரைக்கல்லில் பதித்த வெண்கலத் தகடு. பாரிஸிலிருந்து மற்ற ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்பதை அங்கிருந்துதான் அளக்கிறார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயம் தீப்பிடித்தபோது, இந்தக் கதையைப் படித்த பெண்கள் அந்தத் தகட்டை நினைத்துக் கவலைப்பட்டிருப்பார்கள். நான் கவலைப்பட்டேன். 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. 'லவ்போட், தைபே' கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், சேலம்

கொடுக்கலாம். ஆனால் நீங்கள் முதலில் படியுங்கள், அப்புறம் கொடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்ந்த சீன வம்சாவளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தைவானுக்குப் போய் மாண்டரின் மொழியும் பண்பாடும் படிக்கிற ஒரு திட்டம் 1960களில் உண்மையாகவே தொடங்கியது. பெற்றோர் மொழி படிக்கத்தான் அனுப்பினார்கள். பிள்ளைகள் அதற்கு 'காதல் கப்பல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நாவலின் பின்னணி அதுதான். ராத்திரி சுவரேறிக் குதித்து கிளப்புக்குப் போவது, குடிப்பது எல்லாம் வருகிறது. எவர் வாங்கை உடையில்லாமல் எடுத்த ஒரு போட்டோவை இன்னொரு பெண் பரப்பிவிடுகிறாள். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு மகளிடம் பேசுங்கள். "இப்படி உனக்கு நடந்தால் முதலில் என்னிடம் வா, திட்டமாட்டேன்" என்று சொல்ல நமக்கு ஒரு சந்தர்ப்பம் சுலபமாக அமையாது. இந்தப் புத்தகம் அதை அமைத்துக் கொடுக்கிறது.

எவர் வாங்கின் பெற்றோர் டாக்டர் படிப்பு என்கிறார்கள், அவளுக்கு நடனம்தான் உயிர். இந்தப் பகுதியை எப்படிப் படிப்பது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா, வருகிற அக்டோபரில் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகிறேன். இந்த மாதிரி நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அங்கே போனபின் ஏமாந்துபோவேனோ என்று பயமாக இருக்கிறது.
– பொறியியல் பட்டதாரி, மதுரை

ஏமாற மாட்டாய். ஆனால் இந்தக் கதைகள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தெரிந்துகொண்டு போ.

பணத்தைச் சொல்வதே இல்லை. விசாவுக்காக நீ பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாசாமாசம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டு வைக்கிற 11,904 யூரோவிலிருந்து மாசம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். கதாநாயகி காப்பிக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று வரும்போது, அந்தக் காப்பியின் விலையை நீ மனசுக்குள் கணக்குப் போடுவாய். அதில் தப்பில்லை.

என் அண்ணன் மகள் ஜெர்மனியில் ஆகன் நகரில் படித்தவள். அவள் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஞாயிறு, அங்கே கடைகளுக்கு விடுமுறை என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை. அறையில் ஒரு பருக்கை இல்லை. பெட்டியில் அம்மா வைத்த பருப்புப்பொடி மட்டும் இருந்தது. சாதம் இல்லாமல் பருப்புப்பொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொதுச் சமையலறையில் நின்று அழுதிருக்கிறாள். துருக்கியிலிருந்து படிக்க வந்த பக்கத்து அறைப் பெண் ரொட்டியும் தயிரும் கொடுத்தாள். இவள் ரொட்டியில் பருப்புப்பொடியைத் தூவி அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். இரண்டு வருஷமும் இருவரும் ஒரே சமையலறையில்தான். அவளுக்கு அங்கே காதல் எதுவும் வரவில்லை. அந்தச் சமையலறையைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவள் முகம் மாறும்.

அக்டோபர் கடைசி ஞாயிறில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை மூன்றரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் நாலரை ஆகிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ அறைக்கு வந்து போனை எடுத்தால் மதுரையில் ராத்திரி பத்தரை, அம்மா தூங்கப் போகிற நேரம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அந்த மாசங்களில்தான் ரொம்பத் தனியாக இருப்பாய். அப்போது ஒருவன் அன்பாகப் பேசினால், அவனைப் பிடித்திருக்கிறதா, இல்லை, பேச ஆள் கிடைத்தது பிடித்திருக்கிறதா என்று ஏப்ரல் வரைக்கும் பொறுத்துப் பார். வெயில் வந்த பிறகும் பிடித்திருந்தால் சரி.

நாவல்களைப் பெட்டியில் வை. எடை அதிகமானால் ஒன்றாவது வை.

தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி லண்டனுக்குப் படிக்கப் போய்க் காதலிப்பதாகத் தமிழில் நாவல் எழுதுகிறேன். முப்பது பக்கத்தில் நின்றுவிட்டது. வழி சொல்லுங்கள்.
– வளரும் எழுத்தாளர், தஞ்சாவூர்

நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன் தம்பி. தேம்ஸ் நதி வருகிறது, பிக் பென் வருகிறது, சிவப்புப் பஸ் மூன்று தடவை வருகிறது. அவள் எங்கே தூங்குகிறாள் என்று மட்டும் வரவில்லை.

'லவ் அண்ட் ஜெலாட்டோ'வில் வெல்ச் செய்ததைப் பாருங்கள். ஊர் இத்தாலியின் ஃபிளாரன்ஸ். பாலமும் தேவாலயக் குவிமாடமும் இருக்கின்றன, எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் தன் கதாநாயகி லீனாவை ஊருக்கு வெளியே இருக்கும் அமெரிக்கப் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் குடிவைக்கிறார். இரண்டாம் உலகப் போரில் இறந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்ட உண்மையான இடம் அது. அம்மாவைப் பறிகொடுத்த பெண் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். வேறு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அவள் மனசு நமக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா அதே ஊரில் போட்டோகிராபி படித்த காலத்தில் எழுதிய நாட்குறிப்பு அவள் கைக்கு வருகிறது. மகள் நடக்கிற தெருவில் இருபது வயசு அம்மாவும் கூடவே நடக்கிறாள். உங்கள் பெண்ணுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ் மளிகைக்கடைக்கு மேலே இருக்கிற அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே கருவேப்பிலை வாசனை, மேலே ஹீட்டருக்கு யார் காசு கொடுப்பது என்று சண்டை.

அடுத்தது, நாள் கணக்கு. அங்கே முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருஷம். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஊரில் கல்விக் கடனுக்கு வட்டி ஓடுகிறது. இவ்வளவு நெருக்கடிக்கு நடுவில் அவனைப் பார்க்க அவளுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? ஷிப்ட் முடிந்து பஸ் வரும்வரை பதினொரு நிமிஷம் என்றால், அந்தப் பதினொரு நிமிஷத்தை எழுதுங்கள்.

பையனை வெள்ளைக்காரனாக வைத்திருக்கிறீர்கள். வைக்கக் கூடாது என்று இல்லை. ஆனால் அவன் பேசுவது சினிமா வசனம் மாதிரி இருக்கிறது, நீங்கள் அப்படி ஒருவனோடு பழகியதில்லை என்று தெரிகிறது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பையனாக அவனை மாற்றி யோசித்துப் பாருங்கள். இருவருக்கும் தமிழ்தான், ஆனால் ஒரே தமிழ் இல்லை. "நாளைக்குக் கதைப்பம்" என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். நாளைக்குப் பேசலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். தஞ்சாவூர்க்காரிக்கு அது தெரியாது. ஏதோ கதை சொல்லப் போகிறான் என்று நினைத்து மறுநாள் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்காருகிறாள். முப்பத்தோராம் பக்கத்தை அங்கே தொடங்குங்கள், தம்பி. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.