முற்பணம் அனுப்பும் முன்

கேள்வி: ஹட்டனில் பலசரக்குக் கடை நடத்துகிறோம். தூத்துக்குடி நிறுவனமொன்று செத்தல் மிளகாயும் நற்சீரகமும் மலிவாகத் தருவதாகச் சொல்லி, வட்ஸ்அப்பில் சான்றிதழ்களை அனுப்பி, பாதி முற்பணம் கேட்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர்

பதில்: சான்றிதழ்ப் படத்தை மட்டும் நம்பாதீர்கள், யாருடையதையும் எவரும் அனுப்பலாம். அதிலுள்ள எண்களை நீங்களே அரசுத் தளங்களில் தட்டிப் பாருங்கள். முதலில் ஜிஎஸ்டி எண், அதாவது இந்தியாவின் சரக்கு, சேவை வரிப் பதிவு எண். அதில் 15 எழுத்துகள். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும். 3ஆம் எழுத்து முதல் 12ஆம் எழுத்து வரை இருப்பது அவர்களின் பான் எண் (இந்திய வருமான வரி எண்). ஜிஎஸ்டி வந்த பிறகு எடுத்த ஏற்றுமதிக் குறியீடும் (ஐஇசி) அதே பான் எண்தான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேளுங்கள். கொச்சியிலுள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இரண்டையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், நல்ல நிறுவனத்தின் பெயரில் வேறொருவர் பேசக்கூடும். ஆகவே வட்ஸ்அப் எண்ணை விட்டு, நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை வேறு வழியில் தேடி எடுத்துப் பேசுங்கள். வங்கிக் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தாலோ, இடையில் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தாலோ ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பலரின் பணம் போவது அங்கேதான்.

பாதி முற்பணம் புது ஆளுக்கு மிக அதிகம். உங்கள் வங்கியில் எல்.சி. (நாணயக் கடிதம்; கேட்ட ஆவணங்கள் சரியாக வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறக்கக் கேளுங்கள். ஆனால் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, மூட்டைக்குள் இருப்பதை அல்ல. அதனால் கப்பலேற்றும் முன் சுயாதீன ஆய்வுச் சான்றிதழும், மிளகாய்க்கு அஃப்லாடாக்சின் (பூஞ்சை நச்சு) பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்று எல்.சி. நிபந்தனையிலேயே எழுதுங்கள்.